பன்னிரண்டு எண்ணும்வரை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஃபோட்டோப் பெட்டிக்குள் எடுத்த படமெல்லாம் டப்பாவில் அடுக்கிய அப்பளம் மாதிரி இருக்கும் என்று நம்பியவன் நான். மூடியைத் திறந்தால் மேலே நேற்று எடுத்தது, அடியில் போன வாரம் எடுத்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மறுபடி அடுக்கி மூடிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பால்குடி வயதில்லை. இருபத்தேழு முடிந்திருந்தது. மீசை இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியும். மதுரையில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்டில் வேலை. இத்தனையும் இருந்தவன்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதன் பலனாக ஐந்து மாதம் சொந்தக் கையால் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். கஞ்சியும் நன்றாக இல்லை.

பெட்டிக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், என் புராணம் முந்திக்கொண்டது. அது என் சுபாவம். அவர் இருந்தபோதும் இதே சங்கடம்தான்.

அவரை நாங்கள் பாய் என்று கூப்பிட்டோம். பிறந்தபோது வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மில்லில் அதற்குத் தேவை வரவில்லை. எங்கள் எல்லோரையும் படம் எடுத்தவர், தன்னை ஒரு தடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆகையால் அவர் முகத்துக்கு என் எழுத்துதான் கதி. நெட்டையான ஆள். காஜிமார் தெருப் பக்கம் வீடு. வெள்ளைக் கைலி, அரைக்கைச் சட்டை, தோளில் எந்நேரமும் ஒரு மூங்கில் ஏணி. மூக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். ஏணியோடு கூடியே வாழ்ந்ததில் வந்த சாய்வு என்று நான் மில் முழுக்கச் சொல்லிவைத்தேன். அது அவர் காதுக்குப் போனபோது மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றாராம். கேலி செய்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மில்லில் அவர் விளக்குக்காரர். கெட்டுப்போன பல்பை மாற்றுவது, ஃப்யூஸ் போனால் ஓடி வருவது. ஓடி வருவது என்றா எழுதினேன், தப்பு. அவர் எதற்கும் ஓடியதில்லை. இலாகாவே இருட்டில் கிடக்கும். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துவார். பாய் ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு, கல்யாண ஊர்வலத்துக் குதிரை மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து வருவார்.

"என்னா பாய், இங்க உசுரு போகுது, நீங்க அன்னநடை நடந்து வாரீங்க."

"இருட்டு எங்கயும் போயிராது மாப்ள. வாரேன்."

அவ்வளவுதான். வந்து, ஏணியை வைத்து, ஆட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னும் ஒரு விரல்கடை நகர்த்தி வைத்து, பிறகுதான் ஏறுவார். ஒருநாளும் விழுந்ததில்லை. நான் ஆசையோடு காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் சண்டை நடந்த சமயம் அது. நூலுக்கு அப்படி ஒரு கிராக்கி, மில் ராப்பகலாக ஓடிற்று. மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பாய்க்கு ஒரு பெட்டிக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கறுப்பாக, கருப்பட்டிப் பெட்டி அளவில், முன்னால் ஒற்றைக் கண்ணோடு இருக்கும். டவுனில் ஒரு படக்கடைக்கு லீவு நாளில் வயர் வேலை பார்த்துக் கொடுப்பார் பாய். அந்தக் கடைக்காரர் கூலிக்குப் பதிலாக ஃபிலிம் சுருளும், கழுவிப் பிரிண்டு போட்டுக்கொள்ள இருட்டறையும் கொடுப்பார். ராத்திரியில் எடுக்கவேண்டும் என்றால் மருந்துப் பொடி வைத்துக் கொளுத்தினால்தான் வெளிச்சம் வரும் என்று அவர் சொன்னாராம். பாய் சிரித்துவிட்டு, "பஞ்சு மில்லுக்குள்ள அதக் கொளுத்தினா படம் எடுக்க மில்லு இருக்காதே" என்றாராம்.

பொடிக்குப் பதிலாகப் பாய் கண்டுபிடித்த வழி பொறுமை. அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. நூல் சுற்றிப் பாபின் நிறைந்ததும் மிஷினை நிறுத்தி, நிறைந்ததை எடுத்துவிட்டு வெறும் பாபின் மாட்டுவோம். அந்தச் சில நிமிடத்தில் ஆட்கள் மிஷின் ஓரமாக வரிசையில் நிற்பார்கள். பாய் மேலே இருக்கும் பல்பைக் கழற்றிப் பெரிய பல்பு ஒன்றை மாட்டுவார். ஏணிப் படியில் பெட்டியை வைப்பார். ஒரு தகட்டை இழுத்தால் கேமராவின் கண் திறந்தபடியே இருக்கும். பன்னிரண்டு எண்ணி முடித்து மறுபடி மூடுவார். சுற்றியுள்ள மிஷின்கள் போடுகிற இரைச்சலில் வாயால் எண்ணினால் கேட்காது. ஆகவே கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்குவார். பன்னிரண்டு தடவை விரல் மடங்கும்வரை அசையாமல் நிற்கிறவன் படத்தில் விழுவான். அசைந்தவன் புகையாகப் போய்விடுவான்.

இங்கேதான் என் தலையில் இடி விழுந்தது.

மில் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. வாயசைவையும் கைச்சாடையையும் வைத்துத்தான் எல்லாம். அந்த ஊமை உலகத்துக்கு நான்தான் கோமாளி. மேஸ்திரிக்கும் மேலதிகாரியான மாஸ்டர் பெருவயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டுவேன். மேஸ்திரி மூக்குப்பொடி போட்டுத் தும்மல் வராமல் தவிப்பதைக் காட்டுவேன். நூல் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இடுப்பை மட்டும் ஆட்டிச் சந்தைக்குப் போகும் கிழவியாவேன். முப்பது மிஷின் தள்ளி நிற்கிறவன்கூடச் சிரிப்பான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் செருகிக்கொண்டு வரும்போது ஆட்களை எழுப்பி வைத்தது மேஸ்திரியின் அதட்டல் அல்ல, என் இடுப்பு. அப்படி இருந்தவனுக்கு முன்னால் ஒருவர் வந்து ஏணியை ஊன்றி, எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வாரத்திலிருந்து என் ஆட்டத்தை ஒருத்தனும் பார்க்கவில்லை. தலை சீவிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறாமை என்று அப்போது தெரியாது. வயிற்றில் ஏதோ சூடு என்று நினைத்து மோர் குடித்தேன்.

படத்தைப் பாய் பங்கு வைத்த முறை ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமும் ஆச்சரியமும் ஒன்றாக வரும். ஒரு காட்சிக்கு ஒரே பிரிண்டு. பத்துப் பேர் நிற்கும் படம் என்றால் பத்து வீட்டுக்கும் அது முறைவைத்துப் போகும். ஒரு வீட்டில் ஒரு வாரம். போனவாரம் வைத்திருந்தவன் டீ குடிக்கும் இடைவேளையில் அடுத்தவனிடம் கொடுக்கவேண்டும். கையைப் பஞ்சும் எண்ணெயும் போகத் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கவேண்டும். சுற்று முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பேசி, யார் வீட்டில் அதற்குத் தேவை அதிகம் என்று பார்த்து அங்கேயே விட்டுவிடவேண்டும். பாய் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார். "நீங்க ஒண்ணாச்சும் வச்சுக்கங்க பாய்" என்று யாராவது சொன்னால், "எனக்கு எதுக்கு? உங்களத்தான் தெனமும் பாக்கிறேனே, போதாதா" என்பார். படம் மட்டுமல்ல, எதுவுமே அவர் கையில் தங்காது. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் பச்சைத்தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு ஷிஃப்டுக்கு வருவார். கூடவே தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி வரும். அவருக்கு ஒரு தம்ளர், மீதி எங்களுக்கு. அந்தக் கஞ்சியை நான் மூன்று தம்ளர் குடித்துவிட்டு, உப்புக் கம்மி என்று சொல்லியிருக்கிறேன்.

தலை சீவிக்கொண்டு, அடுத்தவன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்களையெல்லாம் அவர் திருப்பி அனுப்பினார். "பஞ்சோட நில்லுங்கப்பா. வீட்டுல வந்து படுக்கிறவன் யாரோ அவன்தான் படத்துல இருக்கணும்" என்றார். அதனால் ஒரு கூத்து நடந்தது. எங்களோடு சோழவந்தான்காரன் ஒருவன் வேலை பார்த்தான். வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். படம் அவன் வீட்டுக்குப் போயிற்று. தலையில் படிந்திருந்த பஞ்சைப் பார்த்து அவன் அம்மா நரை என்று நினைத்துவிட்டாள். ஆறு மாச ராவேலையில் பிள்ளைக்குக் கிழம் தட்டிவிட்டதே என்று அழுது, நெல்லிக்காய்த் தைலம் காய்ச்சி ஒரு சீசா நிறையக் கொடுத்தனுப்பினாள். அவன் அதைத் தலையில் தேய்த்துக்கொண்டு வந்தான். எண்ணெய்த் தலையில் பஞ்சு இன்னும் நன்றாக ஒட்டிற்று. அடுத்த படத்தில் முழுக்கிழவன்.

அவன்கூடப் படத்தில் தெளிவாக விழுந்தான். கவனியுங்கள், கிழவனாக என்றாலும் தெளிவாக. அவன் அம்மா பாய்க்கு வாராவாரம் ஒரு கவுளி வெற்றிலை அனுப்பினாள். நான் அந்த மில்லில் ஐந்து வருஷமாகச் சிரிக்க வைக்கிறேன். எனக்கு ஒரு காம்புகூட வந்ததில்லை.

எனக்கு ஏன் அந்தப் படம் அவ்வளவு அவசியமாயிற்று என்பதைச் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போதுதான் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்கு எழுமலைக்குப் போன மனைவியை மாமனார் திருப்பி அனுப்பவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அடுத்தவர் காட்டில் ஏர் பிடித்தவர். பொழுது விழுந்தால் வேலையும் விழவேண்டும் என்பது அவர் சாஸ்திரம். மதுரைக்கு வந்ததே இல்லை. அழைக்கப் போன என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துக் கேட்டார்:

"ராத்திரில முழிச்சிருக்கிறவன் ரெண்டே பேரு மாப்பிள்ளை. ஒருத்தன் காவக்காரன். இன்னொருத்தன் களவாணி. நீங்க இதுல யாரு?"

"நான் மில்லுல நூலுக்கு முடிச்சுப் போடுறேன் மாமா."

"ராத்திரிலயா?"

"ஆமா."

"இருட்டுல முடிச்சு எப்பிடித் தெரியும்?"

எலக்டிரிக் விளக்கை அவருக்கு விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, கூத்து பார்க்கப் போகிறேனோ, வேறு எங்காவது குடும்பம் வைத்திருக்கிறேனோ தெரியவில்லை, கண்ணால் பார்த்தால்தான் மகளை அனுப்புவேன் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். வந்து பாருங்கள் என்றால் மாட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். உள்ளேயிருந்து என் மனைவி கண்ணால் சாடை காட்டினாள். மில்லில் ஐந்து வருஷம் சாடை படித்தவன் என்பதால் புரிந்தது: படம். பாய் எடுக்கும் படத்தைப் பற்றி அவளுக்கு நான் எழுதியிருந்தேன்.

மதுரையை ஒட்டி நான் குடியிருந்த விளாங்குடிக்குத் திரும்பி வந்து, அன்று ராத்திரியே வரிசையில் போய் நின்றேன். பாய் விரலை மடக்கினார். நாலாவது விரலில் எனக்கு வலப்பக்கம் நின்றவன் மூச்சைப் பிடித்துக் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முனிவராலும் முடியாது. படம் வந்தது. ஒன்பது பேர் சிலை மாதிரி நிற்கிறார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள். கால்களுக்கு மேலே வேட்டி. வேட்டிக்கு மேலே சாம்பிராணிப் புகை.

மில்லே சிரித்தது. நான் ஆடிக் காட்டியபோது சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். புகைக்கெல்லாம் முறை கிடையாது என்று ஒருத்தன் சொன்னான். பாய்தான் தடுத்தார். "நின்னவன்தானப்பா. புகையா இருந்தாலும் அவனும் ஒரு ஆளு. அவன் வீட்டுக்கும் ஒரு வாரம்." எனக்காகப் பேசுகிறார் என்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் வாரம் வந்ததும், வேறு வழியில்லாமல், அந்தப் படத்தையே எழுமலைக்குப் போகும் ஆள்வசம் அனுப்பினேன். காலைப் பார்த்தாவது நம்பட்டும் என்று.

வந்த பதிலை என் மனைவி பென்சிலால் எழுதியிருந்தாள். 'காலைப் பார்த்து உங்கள் கால்தான் என்று அப்பாவிடம் சத்தியம் செய்தேன். அம்மா படத்தைக் கோடாங்கியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ராத்திரியில் அலைந்ததால் ஏதோ உங்களைப் பிடித்துவிட்டது, இடுப்புக்கு மேல் அதுதான் நிற்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். முழு ஆளாகப் படம் வந்தால்தான் என்னையும் பிள்ளையையும் அனுப்புவார்களாம். இத்துடன் மந்திரித்த கயிறு வைத்திருக்கிறேன், கட்டிக்கொள்ளவும். பிள்ளை உட்காருகிறாள். அடுத்த தடவை தயவுசெய்து அசையாமல் நிற்கவும்.'

நான் பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்குக் கழுத்தே நின்றிருக்கவில்லை. இப்போது உட்காருகிறாளாம். எழுமலையில் கைப்பிள்ளைகூட அசையாமல் உட்கார்ந்திருக்க, விளாங்குடியில் தகப்பன் நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறான்.

பழகினேன். பகலில் தூங்குவதை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த தரிசில் போய் நின்று பன்னிரண்டு எண்ணினேன். மூன்றாம் நாள் ஒன்பதுவரை வந்துவிட்டேன். அப்போது ஒரு ஆடு வந்து என் துண்டின் நுனியைக் கடிக்க ஆரம்பித்தது. அசையக்கூடாதே. பத்து, பதினொன்று எண்ணி முடிப்பதற்குள் கால்வாசித் துண்டு அதன் வாய்க்குள் போய்விட்டது. ஆட்டைத் தேடி வந்த அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, சாமி எதுவும் வந்துருக்கா?" என்று பயபக்தியோடு கேட்டாள்.

மில்லில் மறுபடி நின்றேன், மறுபடி புகை. ஒரு தடவை தலை மட்டும் போயிற்று. ஒரு தடவை எனக்கு மூன்று கை. கோடாங்கி அதைப் பார்த்திருந்தால் எழுமலையை விட்டே ஓடியிருப்பார். மற்றவர்கள் எல்லோரும் தெளிவாக விழுகிறார்கள், நான் மட்டும் கரைகிறேன் என்றால் இதில் ஏதோ சூது இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. மூக்கைக் கேலி செய்ததை மனதில் வைத்துக்கொண்டு, நான் நிற்கும்போது மட்டும் பாய் மெதுவாக எண்ணுகிறார். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு, எனக்கு இருபது. சோழவந்தான்காரனை ரகசியமாக எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை எண்ணிவிட்டு வந்தான்.

"கூட எண்ணுறாரா, கொறச்சு எண்ணுறாரா?" என்றேன்.

"கொறச்சுத்தான்டா. நீ நிக்கிறப்ப பத்துலயே மூடிர்றாரு. ஒன்னால அதுக்கு மேல முடியாதுன்னு தெரிஞ்சிருக்கு மனுசனுக்கு."

வயிற்றுச் சூடு மார்பு வரைக்கும் ஏறியது. பாய் எனக்கு வஞ்சனை செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இரண்டு விரலை எனக்குத் தெரியாமல் தானம் கொடுத்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

கடைசியாக ஒரு ராத்திரி. ஃபிலிம் கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. இதுதான் கடைசிச் சுருள், இனிமேல் கேட்காதே என்று படக்கடைக்காரர் சொல்லிவிட்டதாகப் பாய் சொன்னார். ஒவ்வொரு இலாகாவாக எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்தபோது என்னைத் தோளைப் பிடித்து மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் கையை அந்த இரும்பின் மேல் வைத்தார். காதருகே குனிந்து, "ஓம் பிள்ளைய நெனச்சுக்க. சிரிக்கணும்னா அவ வந்தப்பறம் சிரி" என்றார்.

நினைத்தேன். அவர் விரலை மடக்கத் தொடங்கினார். ஏழாவது விரலில் ஒரு பஞ்சுத்துகள் இறங்கி என் மூக்கின்மேல் உட்கார்ந்தது. எட்டு. ஒன்பது. மூக்கு அரித்தது. நான் அசைந்தேனா, அரிப்பில் அசைந்ததாகத் தோன்றியதா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு விரல் குறைக்காமல் பன்னிரண்டும் முடித்துப் பெட்டியின் கண்ணை மூடினார். எப்போதும் எடுத்து முடித்ததும் இறங்கி வந்து யார் அசைந்தது என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு என்று பார்த்து வாசலில் மாஸ்டரின் வயிறு தெரிந்தது. அவருக்குப் படம் எடுக்கும் விஷயம் தெரியும். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பார். ஆனாலும் நேருக்கு நேர் அகப்படக்கூடாது. பாய் பெட்டியைக் கைலி மடிப்பில் மறைத்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு ராத்திரி காத்தேன். அவர் வேறு இலாகாவில் வேலையாக இருந்தார். சொல்லாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று முடிவு செய்தேன்: அசைந்துவிட்டேன். மற்ற எல்லோரும் அந்தப் பெட்டிக்குள் தெளிவாக, அழகாக, பஞ்சுத் தலையோடு நிற்கிறார்கள். நான் மட்டும் புகை. மூன்றாம் ராத்திரி, மேற்குப்பக்கம் ஃப்யூஸ் போய், பாய் ஏணியோடு கிளம்பினார். அவருடைய வயர் ரூமுக்குள் நுழைந்தேன். பல்பு வரும் அட்டைப்பெட்டிக்குள், வைக்கோலுக்கு நடுவில் கேமரா இருந்தது. கொக்கியைத் தள்ளித் திறந்தேன்.

அப்பளம் இல்லை. ஒரு காகிதச் சுருள் இருந்தது. அதைப் பிரித்தேன். உள்ளே வழுவழுப்பாக ஒரு பட்டை. பல்புக்கு நேரே நீட்டிப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். நான் இல்லை. சோழவந்தான்காரன் இல்லை. ஒருத்தருமே இல்லை. பாய் வெறும் பெட்டியைக் காட்டி எல்லோரையும் நிற்கவைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று. அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். என் மகள் பிறந்த செய்தி வந்தபோதுகூட அப்படி இல்லை. எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இல்லை. சுருளைப் பத்திரமாகச் சுற்றி, வைத்து, மூடிவிட்டு, முடிச்சுப் போட வந்துவிட்டேன். அன்றைக்கு மாஸ்டர் நடையை நடந்து காட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். பாய் வெறுங்கையோடு வந்தார்.

"படம் போச்சுப்பா" என்றார். "சுருள் முழுக்க வெளிச்சம் பட்டுருச்சு. ஒண்ணுமே விழல."

"என்ன பாய் சொல்றீங்க? எம்புட்டுப் பேரு நின்னோம்."

"எங்கிட்டோ பெட்டியில சந்து விட்ருக்கு. நான்தான் பாத்துருக்கணும். எந் தப்புதான்."

ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் அழியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். தம்ளரைக் கீழே வைத்தேன். டீ சுட்டதால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒருவர் பாய்க்குக் கண் மங்கிவிட்டது என்றார். இன்னொருவர், தம்பி பட்டாளத்துக்குப் போகுமுன் சேர்ந்து எடுத்த படம் அதில் இருந்ததே என்றார். பாய் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, "ஆமாம்பா, எந் தப்பு" என்று சொல்லிக்கொண்டே நின்றார். கொஞ்சநேரத்தில் அவர்களே இரங்கிப்போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, விடுங்க பாய், விடுங்க பாய் என்றார்கள். நான் ஒரு மூலையில் நின்று அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பெட்டியைத் திறந்தவன் நான், பெண்டாட்டி வராமல் கிடப்பவன் நான், ஆறுதல் முழுக்க அவருக்கு.

என் மனைவி ஐந்து மாதம் கழித்து வந்தாள். எந்தப் படமும் அவளைக் கொண்டுவரவில்லை. மாமனாரின் மாடு ஒன்று விலைபோயிற்று. அதை ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவர், மில் வாசலில் ஒரு ராத்திரி முழுக்கத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்து, விடிந்ததும் பஞ்சுத் தலையோடு வெளியே வந்த எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய் மகளை அனுப்பினார். அதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் உட்கார்ந்ததையும் தவழ்ந்ததையும் நான் பென்சில் எழுத்தில்தான் பார்த்தேன்.

ஆனால் நான் பாயிடம் போனது அதற்கு வெகுமுன்னால், படம் போய்விட்டது என்று தெரிந்த பத்தாம் நாள். ஷிஃப்டு விட்டுக் குழாயடியில் எல்லோரும் தலை கழுவிப் போய்விட்டார்கள். பாய் மட்டும் கடைசியாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாகக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு நேராகப் பேசத் தெரியாது. கதையாக ஆரம்பித்தேன்.

"ஒரு ஊர்ல ஒரு மடையன் இருந்தான் பாய். ஃபோட்டோப் பெட்டிக்குள்ள அப்பளம் மாதிரி படம் அடுக்கியிருக்கும்னு நெனச்சு, திறந்து பாத்துட்டான்."

பாய் குழாயை மூடினார்.

"சுருளப் பிரிச்சு லைட்டுல புடிச்சு வேற பாத்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரிகிறதா என்று தேடினேன். தெரிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நாந்தான் பாய். எல்லாருக்கும் விழுது, எனக்கு மட்டும் விழலயேன்னு வயித்தெரிச்சல். உங்க மேலயும்தான். அத்தன பேரு படத்தையும் கெடுத்துட்டேன். அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன். நாலு அடி விழுந்தா வாங்கிக்கிறேன்."

அவர் துண்டை உதறித் தலையைத் துவட்டினார். மௌனம் எனக்கு ஆகாது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கவேண்டும். அல்லது எனக்காவது ஒரு ஆறுதல் வேண்டும்.

"ஒண்ணு பாய்" என்றேன். "எனக்கு இதுல நட்டம் கெடையாது. மூக்குல பஞ்சு உக்காந்துச்சா, நான் ஆடிருப்பேன். எம் படம் எப்பிடியும் புகைதான். அந்த மட்டும் தப்பிச்சேன், இல்லையா?"

பாய் துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டார். ஏணியை எடுத்துச் சாத்திக்கொண்டார்.

"அன்னைக்கு நீ அசையவே இல்ல, மாப்ள."